குடத்துக்கு முறை தெரியாது

(பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நம் சங்கக் கூடத்தில் ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை.)

பிள்ளைகள் முன்வரிசைக்கு வந்துவிடுங்கள். பெரியவர்கள் பின்னால் உட்கார்ந்தாலும் சரி, ஆனால் போனைப் பையில் போட்டுவிடுங்கள். முப்பத்தொரு வருஷம் வகுப்பெடுத்த பழக்கம், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நம் செயலாளர் என்னிடம் கேட்டது, "மரபியல் பாடத்தைக் கொஞ்சம் எளிமையாகச் சொல்லிக் கொடுங்கள் மேடம், பிள்ளைகள் பன்னட் கட்டத்தை மனப்பாடம் செய்கிறார்கள், புரியவில்லை என்கிறார்கள்" என்றுதான். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் இன்று நான் பட்டாணிச் செடியில் தொடங்கப் போவதில்லை. போன காலாண்டில் நாம் வேன் வைத்து உத்திரமேரூர் போய் வந்தோமே, அங்கிருந்து தொடங்குகிறேன். அது என் சொந்த ஊர்ப் பக்கம். அந்த ஏரிக்கு ஒரு கரையில் என் அம்மா பிறந்தாள், இன்னொரு கரையில் நான் பிறந்தேன்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் என்ன பார்த்தோம்? முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. 919லும் 921லும் வெட்டியது. குடவோலை முறை. முப்பது குடும்புகள், அதாவது முப்பது வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரே ஒரு ஓலையை அவனே எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்திருக்கக் கூடாதல்லவா!

எல்லோரும் ஜனநாயகம் என்று பெருமைப்பட்டோம். பெருமைதான். கூடவே, அது சதுர்வேதிமங்கலம், நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ள, 35 வயதுக்கு மேல் 70க்கு உட்பட்ட ஆண்களுக்கு மட்டும்தான் அந்தக் குடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கோ எனக்கோ அதில் ஓலை இருந்திருக்காது.

எனக்கு அந்தக் கல்வெட்டில் பிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, அந்தச் சிறுவன். யாரையும் தெரியாது, யார் பக்கமும் சாயமாட்டான். இரண்டாவது, யாருக்கெல்லாம் ஓலை கிடையாது என்ற பட்டியல். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது. (செயலாளர் சிரிக்கிறார், பொருளாளர் சிரிக்கவில்லை.) அவன் மட்டுமில்லை, அவன் உறவும் நிற்க முடியாது. யார் யார் உறவு என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்பா, மகன், சகோதரன், அம்மாவின் அக்கா தங்கை பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், தாய்மாமன், அப்பாவோடு பிறந்தவன், சகோதரி மகன், சகோதரி கணவன், மாமனார், மைத்துனன், மருமகன். அந்தப் பட்டியலை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருவேன்.

இப்போது இந்த இரண்டு சொம்புகளைப் பாருங்கள். ஒன்று அப்பா, ஒன்று அம்மா. ஒவ்வொன்றிலும் இரண்டு சீட்டு. ஏன் இரண்டு? நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம், 23 ஜோடி. ஜோடியில் ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. ஆக ஒவ்வொரு ஜீனுக்கும் நம்மிடம் இரண்டு பிரதி உண்டு. ஒரே ஜீனின் மாற்று வடிவங்களைத்தான் உங்கள் புத்தகம் அல்லீல்கள் என்கிறது. விந்தணுவும் அண்டசெல்லும் உருவாகும்போது குன்றல் பகுப்பு நடக்கிறது. குன்றல் என்றால் குறைதல். 46 பாதியாகி 23 ஆகிறது. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் போகும். எந்த ஒன்று? அந்தக் கண் தெரியாத சிறுவன் எடுக்கிறான்.

23 ஜோடியில் ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்றை எடுத்தால் எத்தனை விதமாக எடுக்கலாம்? இரண்டை 23 முறை பெருக்குங்கள். 83,88,608. ஏறக்குறைய 84 லட்சம். என் பாட்டி 84 லட்சம் யோனிபேதம் என்று சொல்வாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தற்செயல்தான். ஆனாலும் முதல் தடவை கணக்குப் போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த இரண்டு பேர் ஏன் ஒரே அச்சாக இல்லை என்பதற்கு இதுவே போதும்.

ஆணா பெண்ணா என்பதும் இதே குடம்தான். அம்மா சொம்பில் இரண்டு சீட்டும் எக்ஸ். அப்பா சொம்பில் ஒரு எக்ஸ், ஒரு ஒய். அம்மா எதை எடுத்தாலும் எக்ஸ்தான் வரும். முடிவு அப்பா சொம்பில். இது 1905லேயே தெரிந்துவிட்டது. நூற்றிருபது வருஷம் ஆகிறது, இன்னும் மூன்றாவதும் பெண் என்று மருமகளைப் பார்த்து முகம் திருப்புகிறவர்கள் நம் லிப்ட்டிலேயே வருகிறார்கள். அப்பாவையும் திட்ட வேண்டாம், அவரும் சீட்டைப் பார்த்து எடுப்பதில்லை.

இனி மெண்டல். பாதிரியார், புருனோ நகரத்து மடத்துத் தோட்டம். ஊதாப்பூச் செடியையும் வெள்ளைப்பூச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறை முழுக்க ஊதா. வெள்ளை ஒழிந்தது என்று நாம் நினைப்போம். அந்த ஊதாச் செடிகளையே தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டார். அடுத்த தலைமுறையில் 705 ஊதா, 224 வெள்ளை. வெள்ளை எங்கும் போகவில்லை, ஒளிந்திருந்தது. ஊதாச் சீட்டு ஒன்று இருந்தாலே பூ ஊதா. அது ஓங்குபண்பு. வெள்ளைக்கு இரண்டு சீட்டும் வெள்ளையாக வேண்டும். அது ஒடுங்குபண்பு. 1866இல் அச்சில் வந்த இதை 1900 வரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பரீட்சைக்கு மூன்றுக்கு ஒன்று என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் அந்த ஒளிந்திருந்தது என்ற சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சொல்லப்போவது என் அக்கா வீட்டுக் கதை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லு, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றாள்.

அக்காவுக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் அம்மாவின் தம்பி, எங்கள் சொந்தத் தாய்மாமன். அந்த நாளில் அதைவிட நல்ல சம்பந்தம் கிடையாது. சொத்து பிரியாது, பெண் கண் முன்னால் இருப்பாள், மாமியார் யாரோ இல்லை, சொந்தப் பாட்டி. முதல் குழந்தை பெண். எட்டு மாதத்தில் கதவை ஓங்கிச் சாத்தினாலும் திரும்பவில்லை. காது கேட்கவில்லை. "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி வராது" என்றார்கள். இரண்டாவது பையன். அவனுக்கும் கேட்கவில்லை. அதன்பிறகு பேச்சு மாறியது. கிரகணத்தில் வெளியே வந்தாள், மாசமாக இருக்கும்போது பப்பாளி தின்றாள், குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் எழுவாய் அக்காதான். மாமாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்றாவது பையனுக்குக் காது நன்றாகக் கேட்டது. அதற்குப் புண்ணியம் மட்டும் குலதெய்வத்துக்குப் போனது!

என்ன நடந்தது என்று சொம்பில் பார்ப்போம். அக்காவிடம் ஒரு வெள்ளைச் சீட்டு, ஒரு மஞ்சள் சீட்டு. மாமாவிடமும் அப்படியே. வெள்ளை சரியான பிரதி, மஞ்சள் பிழையுள்ள பிரதி. ஒரு வெள்ளை இருந்தால் போதும், காது கேட்கும். அதனால் இரண்டு பேருக்கும் எந்தக் குறையும் இல்லை. இப்படி ஒளித்து வைத்திருப்பவரைக் கடத்தி என்கிறோம், ஆஸ்பத்திரியில் கேரியர் என்பார்கள். குழந்தைக்கு இரண்டு மஞ்சளும் சேர்ந்து வர நாலில் ஒரு வாய்ப்பு.

அப்படியானால் நாலு பிள்ளையில் ஒன்றுக்குத்தானே வரவேண்டும்? இதைத்தான் இப்போது பத்துப் பிள்ளைகள் இங்கே செய்து பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு நாலு குழந்தை, நாலு தடவை சீட்டு எடுத்தார்கள். மொத்தம் 40 குழந்தையில் 11 பேருக்கு இரட்டை மஞ்சள். கணக்குச் சொல்வது 10. ஆனால் குடும்பம் குடும்பமாகப் பாருங்கள். மூன்று குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை. நாலு குடும்பத்தில் ஒரு குழந்தை. இரண்டு குடும்பத்தில் இரண்டு பேர். ஏ பிளாக் தம்பியின் குடும்பத்தில் நாலில் மூன்று பேருக்கு. அவன் முகம் வாடிப்போயிற்று, பார்த்தீர்களா? "நான் என்ன மிஸ் பண்ணினேன்?" என்று கேட்டான். ஒன்றும் செய்யவில்லை தம்பி. என் அக்காவும் ஒன்றும் செய்யவில்லை.

குடவோலைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். உத்திரமேரூரில் ஒரு தடவை வாரியத்தில் இருந்தவன் அடுத்த மூன்று வருஷத்துக்கு நிற்க முடியாது. முன்னால் வந்ததைக் குடம் நினைவில் வைத்திருக்கும். நம் சொம்பில் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறோம். முதல் குழந்தைக்கு வந்தது என்பதால் இரண்டாவதுக்கு வராமல் இருக்காது, வந்தே தீரவும் செய்யாது. ஒவ்வொரு தடவையும் புதிதாக நாலில் ஒன்று. "இனி வராது" என்று அன்று சொன்னவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பை நம்பித்தான் இரண்டாவது பிறந்தது.

இரண்டு பேரிடமும் ஒரே மஞ்சள் சீட்டு எப்படி வந்தது? அந்தக் கல்வெட்டுப் பட்டியலுக்கு வருவோம். பிள்ளைகளே, அதில் யார் யாருக்குச் சீட்டு எவ்வளவு பொது என்று கணக்கிடலாம். அப்பாவோடு பாதி. கூடப் பிறந்தவரோடு சராசரியாகப் பாதி. தாய்மாமன், சித்தப்பா, சகோதரி மகன் என்றால் நாலில் ஒரு பங்கு. சித்தி மகன், அத்தை மகன், மாமன் மகன் எல்லோரும் எட்டில் ஒரு பங்கு. மாமனார், மைத்துனன், மருமகன், சகோதரி கணவன்? வெளிக் குடும்பமாக இருந்தால் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் ஊரில் "வெளிக் குடும்பமாக இருந்தால்" என்பதுதான் கேள்வி. மாமா என்றால் அம்மாவின் தம்பியும் மாமா, மாமனாரும் மாமா. அத்தை என்றால் அப்பாவின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. கல்யாணம் ஆவதற்கு முன்பே மொழி சம்பந்தம் பேசி முடித்துவிட்டது.

நம் வழக்கில் அத்தை மகள் முறைப்பெண். சித்தப்பா மகள் தங்கை. அவளைக் கட்டுவதா என்று கேட்டாலே அடிக்க வருவார்கள். சீட்டுக் கணக்கில் இரண்டு பேரும் ஒன்றுதான், எட்டில் ஒரு பங்கு. குடத்துக்கு முறை தெரியாது. கோத்திரம் வேறு, குலதெய்வம் வேறு என்று சொல்கிறோமே, அதெல்லாம் அப்பா வழியைப் பார்க்கிறது. அம்மா சொம்பிலிருந்து பாதிச் சீட்டு வருவதை அது எண்ணுவதே இல்லை. 1955 இந்து திருமணச் சட்டம் அத்தை பிள்ளை, சித்தப்பா பிள்ளை, அக்கா மகள் எல்லாவற்றையும் தடுக்கப்பட்ட உறவு என்றே வைத்தது, வழக்கம் இருந்தால் விலக்கு என்றும் சேர்த்தது. அந்த விலக்குக்குள்தான் நம்மில் பல குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், உறவுக்குள் மணந்தவர்கள் இந்தியா முழுக்க 100க்கு 11 பேர். தமிழ்நாட்டில் 28.

என் பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது. அது மாமாவிடம் வர இரண்டில் ஒன்று. அம்மா வழியாக அக்காவிடம் வர நாலில் ஒன்று. இரண்டு பேரிடமும் இருந்து, குழந்தைக்கு இரண்டும் சேர, பெருக்கினால் முப்பத்திரண்டில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் என்றால் அறுபத்து நாலில் ஒன்று. அக்காவை அசலூரில் கொடுத்திருந்து, அந்த ஊரில் அந்த மஞ்சள் நூறில் ஒருவரிடம் இருந்தது என்று வைத்தால், ஆயிரத்து அறுநூறில் ஒன்று.

உங்களில் பலர் மனதுக்குள் பதில் சொல்வது எனக்குக் கேட்கிறது. "எங்க தாத்தா பாட்டி மாமன் மகன், அத்தை மகள்தான், நாங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கோம்." உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. எந்தத் தம்பதிக்கும் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 3 பேருக்கு ஏதாவது பிறவிக் குறை இருக்கும். அத்தை மாமன் பிள்ளைகள் மணந்தால் அது 5, 6 ஆகிறது. தாய்மாமனைக் கட்டினால் இன்னும் கூடும். அப்படியும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகத்தான் பிறக்கும். நன்றாகப் பிறந்தவர்கள் கூட்டத்தில் எழுந்து பேசுகிறார்கள். இல்லாதவர்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

அசலில் எடுத்தோம், சொந்தத்தில் இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நூற்றாண்டுகளாக ஒரே சாதிக்குள் மணந்தால் அதுவும் ஒரு சின்னக் குடம்தான். ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தார்கள். அதில் 81 குழுக்களில், ஒரு சில மூதாதையரின் சீட்டுகளே திரும்பத் திரும்பப் புழங்கும் நிலை மிக வலுவாக இருந்தது. ஆரிய வைசியர் சமூகத்தில் சிலருக்கு ஒரு குறிப்பிட்ட மயக்க மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் இறங்காது, தசை அசையாமல் மணிக்கணக்கில் கிடக்கும். இது முன்பே டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். குடும்பத்தில் யாருக்காவது அப்படி ஆகியிருந்தால், ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் சொன்னால் போதும். சாதியைப் பற்றி நாம் பேசுவதிலேயே உருப்படியான பேச்சு இதுவாகத்தான் இருக்கும்.

அக்கா கதைக்கு வருகிறேன், அது இன்னும் முடியவில்லை. அவளுடைய மூத்த மகளை, காது கேட்காதவளை, இதே போலக் காது கேட்காத பையனுக்குக் கொடுத்தோம். "ரெண்டும் இப்படி, பிறப்பதெல்லாம் இப்படித்தான்" என்று ஊரே சொன்னது. அவர்களுக்குப் பிறந்த பையனுக்குக் காது கணீரென்று கேட்கிறது. ஏன்? மாப்பிள்ளைக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது போனது. அவர் சொம்பில் வெள்ளைச் சீட்டுதான். காய்ச்சல் காதைக் கெடுக்கும், சீட்டை மாற்றாது. பையனுக்கு அப்பாவிடமிருந்து ஒரு வெள்ளை, அம்மாவிடமிருந்து ஒரு மஞ்சள். மஞ்சள் கட்டாயம் உண்டு, ஏனென்றால் அவன் அம்மாவிடம் வேறு சீட்டே கிடையாது. மெண்டலின் ஊதாப்பூ அவன்.

அக்காவின் கடைசி மகன், காது கேட்பவன், வெளியில் பெண் எடுத்தான். அவனுக்கு ஒரு மகள். இப்போது என் அக்கா என்ன கேட்கிறாள் தெரியுமா? பேரனுக்குப் பேத்தியைக் கட்டலாமா என்று. மாமன் மகள், முறைதானே! பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று விரும்புகின்றன வேறு. "ரெண்டுக்கும் காது நல்லா கேட்குது, அப்புறம் என்னடி?" என்கிறாள்.

முன்வரிசை, பென்சில் எடுங்கள். பேரன் கடத்தி என்பது உறுதி. பேத்தியின் அப்பா? அவன் பெற்றோர் இருவரும் கடத்தி. கட்டத்தில் நாலு அறை. அவனுக்குக் காது கேட்கிறது, ஆகவே இரட்டை மஞ்சள் அறையை அடித்துவிடுங்கள். மிச்சம் மூன்று. அதில் இரண்டில் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. மூன்றில் இரண்டு. இந்த இடத்தில் நாலில் இரண்டு என்று எழுதுபவர்களுக்குத்தான் மார்க் போகும். அதில் பாதி பேத்திக்கு, மூன்றில் ஒன்று. இரண்டு பேரும் கடத்தி என்றால் குழந்தைக்கு நாலில் ஒன்று. மூன்றில் ஒன்றை நாலில் ஒன்றால் பெருக்கினால் பன்னிரண்டில் ஒன்று. பேரன் வெளியில் கட்டி, நூறில் ஒருத்தியிடம் மஞ்சள் என்று வைத்தால் நானூறில் ஒன்று.

"பன்னிரண்டில் ஒன்று" என்று அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு எனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தா?" என்றாள். சொல்லியிருக்க முடியாது. காதுக்குள் வேலை செய்யும் கனெக்சின் 26 என்ற புரதத்தின் ஜீன் இதற்குக் காரணம் என்று கண்டுபிடித்ததே 1997இல். 226 அமினோ அமிலங்கள் கோத்த சரம் அது. நம் நாட்டில் அதிகம் காணப்படும் பிழையில், ஒரே ஒரு எழுத்து மாறி, 24ஆவது மணி வர வேண்டிய இடத்தில் "நிறுத்து" என்று வந்துவிடுகிறது. 23 மணியோடு சரம் அறுந்து போகிறது. அக்கா மகளின் ரத்தத்தை இந்த வருஷம் பரிசோதித்தபோது வந்தது அதேதான், இரண்டு சீட்டிலும். "பாரு, ஒரு எழுத்து. கிரகணமும் இல்லை, பப்பாளியும் இல்லை" என்று ரிப்போர்ட்டை அக்காவிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாங்கி மடித்துப் பீரோவில் வைத்துக்கொண்டாள்.

பெற்றோர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று முதல் வாரமே ஒரு சின்னக் கருவி வைத்துப் பார்த்துவிடலாம், வலிக்காது. கேட்கவில்லை என்றால், ஆறு வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைசிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு. சீக்கிரம் வைத்தால்தான் பேச்சு நன்றாக வரும். சொந்தத்தில் பேசி முடிக்கும் முன், குடும்பத்தில் சிறுவயதில் இறந்த குழந்தை, காது கேட்காத குழந்தை, அடிக்கடி ரத்தம் ஏற்றிய குழந்தை உண்டா என்று கேளுங்கள். ஜாதகம் கேட்கக் கூச்சப்படுவதில்லையே. ரத்தம் ஏற்றும் தலசீமியாவுக்குக் கடத்தியா என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

பேரனும் பேத்தியும் மரபணு ஆலோசகரைப் பார்த்தார்கள். பேத்தியிடம் அந்த எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மிச்சம். அவளிடம் அது இல்லையென்றால் இந்தப் பிழையால் அவர்கள் பிள்ளைக்கு இப்படி வராது. அவளிடம் இருந்தால் பன்னிரண்டில் ஒன்று நாலில் ஒன்றாகிவிடும், மற்றதை அவர்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். மற்ற சீட்டுகளைப் பற்றி இந்தப் பரிசோதனை ஒன்றும் சொல்லாது, அதையும் அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ரத்தம் கொடுத்து இன்றோடு பதினோரு நாள். அக்கா தினமும் காலை ஆறரைக்குப் போன் செய்கிறாள். நலமா என்று கூடக் கேட்பதில்லை. "சீட்டு வந்துச்சாடி?" என்கிறாள்.